குறைவின் நாளில் கர்த்தருடைய நாமத்தைப் பற்றிக்கொள்வது எப்படி

பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து திருப்பரங்குன்றம் செல்லும் வழியில் பசுமலை வரை போனாலே போதும், ஆட்டோவின் பின்கண்ணாடியிலோ மளிகைக் கடைப் பலகையிலோ வீட்டு வாசற்சுவரிலோ யேகோவாயீரே (கர்த்தர் பார்த்துக்கொள்வார்), எல்ஷடாய் (சர்வவல்லமையுள்ள தேவன்) போன்ற வேதத்தில் வரும் தேவனுடைய பெயர்களில் ஒன்றாவது கண்ணில் படும். நாம் அவற்றைப் பாட்டில் பாடுகிறோம், கடைக்கு வைக்கிறோம், டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டையில் கண்டால் மகிழ்கிறோம். ஆனால் ஜூன் மாதத்தில் பள்ளிக் கட்டணமும் குழுக்கடன் தவணையும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும்போது அந்தப் பெயர் நமக்குக் கைகொடுப்பதில்லை. பெயரைத் தெரிந்து வைத்திருக்கிறோமே தவிர, அது எந்த இடத்தில், யாருடைய வாயிலிருந்து, எந்தக் குறைவின் நடுவே வந்தது என்று நின்று பார்த்ததில்லை என்பதே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். “உமது நாமத்தை அறிந்தவர்கள் உம்மை நம்பியிருப்பார்கள்” என்கிறது சங்கீதம் 9:10. அறிவது முந்தி, நம்புவது பிந்தி. அப்படி அறிந்துகொள்வதற்கு வீட்டில் தனியாகவோ வீட்டுக் கூட்டத்திலோ செய்யத்தக்க ஒரு முறையைக் கீழே எழுதுகிறேன்.

முதல் வேலை நாமங்களின் பட்டியலைத் தேடுவதல்ல. உங்கள் குறைவை, சுற்றி வளைக்காமல், ஒரு நோட்டில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். ஜெபக்குறிப்புச் சீட்டில் வழக்கமாக எழுதும் “கடன் பிரச்சினை”, “குடும்ப சமாதானம்” போன்ற சொற்கள் இதற்கு உதவா. உசிலம்பட்டிப் பக்கம் அரை ஏக்கரில் மல்லிகை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்ளுங்கள். மார்கழிப் பனியில் செடி மொட்டு வைக்காத நாட்களில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் விலை உச்சிக்குப் போகும், பறிக்கப் பூ இருக்காது. சித்திரையில் விடியுமுன்பே குனிந்து பறிக்கத் தொடங்கினாலும் தீராத அளவுக்குப் பூக்கும், விலையோ பறிகூலிக்கே காணாது. அந்த வீட்டுத் தாய் “பொருளாதார ஆசீர்வாதம் வேண்டும்” என்று எழுதினால், அது எந்த வீட்டுக்கும் பொருந்துகிற வாக்கியம். “பூ விலை இறங்கிவிட்டது, செவ்வாய்க்கிழமைத் தவணைக்கு 2,000 ரூபாய் குறைகிறது, வீட்டுக்காரரிடம் சொல்லப் பயமாக இருக்கிறது” என்று எழுதினால், பணக்குறை ஒன்றும் பயம் ஒன்றுமாக இரண்டு குறைவுகள் இருப்பது அவருக்கே தெரிந்துவிடும். அவற்றில் எது அதிகமாக அழுத்துகிறதோ அதை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, அந்தக் குறைவோடு ஒத்துப்போகும் ஒரு நாமத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். தேவைக்கு வழி தெரியாமல் நிற்பவர்கள் ஆதியாகமம் 22-க்கும், தன்னை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை என்று கலங்குபவர்கள் ஆதியாகமம் 16-க்கும், வாக்குத்தத்தம் தாமதிக்கிறது என்று சோர்ந்தவர்கள் ஆபிராம் 99 வயதில் “சர்வவல்லமையுள்ள தேவன்” என்ற நாமத்தைக் கேட்ட ஆதியாகமம் 17-க்கும், நோயோடு இருப்பவர்கள் யாத்திராகமம் 15-க்கும், போராடிக் கை ஓய்ந்தவர்கள் யாத்திராகமம் 17-க்கும், பயத்தில் இருப்பவர்கள் நியாயாதிபதிகள் 6-க்கும், பழைய பாவம் குத்துகிறவர்கள் எரேமியா 23-க்கும் போகலாம். நாமம் வருகிற வசனத்தை மட்டும் எடுத்து அடிக்கோடிடாமல், அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாய்விட்டு வாசியுங்கள். வாசித்தபின் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: இந்த நாமத்தைச் சொன்னவர் யார்? அப்போது அங்கே இல்லாதது எது? தேவன் செய்தது எது? அந்த நாமம் வந்த பிறகும் மாறாமல் இருந்தது எது? கடைசிக் கேள்வியை நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். தேவன் போதுமானவர் என்பதன் பொருள் விளங்குவது அதில்தான்.

எந்த மொழிபெயர்ப்பில் வாசிப்பது என்று கேட்பவர்கள் உண்டு. பழைய மொழிபெயர்ப்பில் “கர்த்தர்” என்று நிற்கும் இடங்களில் 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தில் “ஆண்டவர்” என்று இருக்கும். இறைவனை எந்தப் பெயரால் அழைப்பது என்ற கேள்வி மதுரைக்குப் புதிதும் அல்ல. 1606-இல் ராபர்ட் தெ நொபிலி இங்கே வந்த காலத்திலிருந்தே சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்று பல சொற்கள் கிறிஸ்தவ ஜெபங்களில் வழங்கி வந்திருக்கின்றன. வீட்டில் எது இருக்கிறதோ அதிலேயே வாசியுங்கள்.

நான்கு கேள்விகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை ஆதியாகமம் 22-இன் மோரியா மலையிலேயே பார்த்துவிடலாம். பலியிடக் கொண்டுபோன மகன் ஈசாக்கு ஆட்டுக்குட்டி எங்கே என்று கேட்டபோது, “தேவன் தமக்குத் தகனபலிக்கான ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொள்வார்” என்று ஆபிரகாம் சொன்னது 8-ஆம் வசனம். புதரிலே கொம்புகள் சிக்கிய கடாவைக் கண்டது 13-ஆம் வசனம். யேகோவாயீரே என்று பெயரிட்டது 14-ஆம் வசனம். சொன்ன வார்த்தைக்கும் கண்ட கடாவுக்கும் இடையில் பலிபீடம் கட்டியதும், கட்டைகளை அடுக்கியதும், மகனைக் கட்டிக் கிடத்தியதும், கத்தியை எடுத்ததும் இருக்கின்றன. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்தக் கடா ஆபிரகாமின் மந்தையில் சேரவில்லை. அது கிடைத்த இடத்திலேயே பலியாகி எரிந்துபோயிற்று. மலையிலிருந்து இறங்கும்போது புதிதாக ஒரு சொத்தும் அவர் கையில் இல்லை. அன்றைக்கு வேண்டியது அன்றைக்குக் கிடைத்தது, மகன் பிழைத்தான், அவ்வளவுதான். கல்லாப்பெட்டிக்கு மேல் யேகோவாயீரே என்று எழுதி வைப்பதில் தவறில்லை; ஆனால் அந்த நாமம் சரக்குப் பெருகும் என்பதற்குக் கொடுத்த கையொப்பம் என்று எடுத்துக்கொண்டால், வியாபாரம் படுத்த மாதத்தில் பலகையையும் தேவனையும் ஒன்றாகச் சந்தேகிக்க நேரும்.

எஜமானியிடமிருந்து ஓடிப்போன அடிமைப்பெண் ஆகாரின் அதிகாரம், ஆதியாகமம் 16, இதைவிடக் கடினமானது. வனாந்தரத்தில் நீரூற்றண்டையில் கர்த்தருடைய தூதனானவர் அவரைக் கண்டு, “எங்கேயிருந்து வருகிறாய்? எங்கே போகிறாய்?” என்று இரண்டு கேள்விகள் கேட்கிறார். ஆகார் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறார். போகும் இடம் அவருக்கே தெரியாது. அந்த நிலையில் இருந்த ஓர் அடிமைப்பெண்தான் “நீர் என்னைக் காண்கிற தேவன்” என்று கர்த்தருக்குப் பெயரிட்டார். மாறாதது எது என்று கேட்டால், எஜமானி மாறவில்லை, அடிமைத்தனம் மாறவில்லை, திரும்பிப் போகவும் வேண்டியிருந்தது. இந்தப் பகுதியை வைத்து, கணவரிடம் அடிபட்டு வந்து நிற்கும் பெண்ணை “ஆகாரைப் போலத் திரும்பிப் போ” என்று அனுப்பி வைப்பவர்களை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். அதே ஆகார் 21-ஆம் அதிகாரத்தில் அந்த வீட்டிலிருந்து அனுப்பப்பட்டு, துருத்தித் தண்ணீர் தீர்ந்து, பிள்ளை சாவதைப் பார்க்க மாட்டாமல் எட்டப் போய் உட்கார்ந்தபோது, தேவன் அவரைத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. கண்களைத் திறந்து ஒரு துரவைக் காட்டினார். இரண்டு அதிகாரங்களிலும் கட்டளை வேறு, காண்கிறவர் ஒருவரே.

யாத்திராகமம் 15-இல் வரும் மாரா என்ற இடத்துக்கு வருவோம். மூன்று நாள் தண்ணீரில்லாமல் நடந்து வந்த ஜனங்களுக்குக் கிடைத்தது கசப்பான தண்ணீர். கர்த்தர் காட்டிய மரத்தை மோசே போட்டபின் அது மதுரமானது. “நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்” என்ற வார்த்தை அங்கேதான் வந்தது. அந்தக் காட்சியில் குணமானது தண்ணீர் என்பதையும், கர்த்தருடைய சத்தத்தைக் கவனமாய்க் கேட்பது பற்றிய வார்த்தை அதோடு சேர்ந்தே வருகிறது என்பதையும் விட்டுவிடாதீர்கள். இந்த நாமத்தைப் பிடித்துக்கொண்டு ஜெபிப்பவர்கள் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் சாப்பிடும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுத்த அதே வேளையில் அவருடைய பிளவைக்கு அத்திப்பழத்து அடையைப் பற்றுப்போடச் சொன்னதையும் ஏசாயா 38-ஆம் அதிகாரம் எழுதியிருக்கிறது. பெரியாஸ்பத்திரி சீட்டும் ஜெபமும் ஒரே பையில் இருக்கலாம்.

இனி ஜெபம். நாமத்தைச் சொல்லி அழையுங்கள், அந்த நாமம் வந்த இடத்தில் அவர் செய்ததை அவரிடமே சொல்லுங்கள், பிறகு நோட்டில் எழுதிய வாக்கியத்தை அப்படியே வாசியுங்கள், கடைசியில் இன்றைக்கு வேண்டியதைக் கேளுங்கள். பூக்காரத் தாய் பயத்தை முதலில் எடுத்துக்கொண்டார் என்றால் ஜெபம் இப்படி இருக்கும்: “சமாதானத்தின் கர்த்தாவே, மீதியானியருக்குப் பயந்து ஆலைக்குச் சமீபமாய் மறைவாகக் கோதுமை போரடித்த கிதியோனுக்கு, ‘உனக்குச் சமாதானம், பயப்படாதே, நீ சாவதில்லை’ என்று சொன்னீர். பூ விலை இறங்கிவிட்டது, தவணைக்குப் பணம் குறைகிறது, வீட்டுக்காரரிடம் சொல்லப் பயமாக இருக்கிறது. இன்று இரவு உள்ளதைச் சொல்ல எனக்கு வாய் தாரும்.” இதற்குமேல் நீட்ட வேண்டியதில்லை. அதே நாமத்தை எண்ணி எண்ணிப் பலமுறை சொல்வதால் பலன் கூடும் என்று நினைப்பது, அஞ்ஞானிகளைப்போல வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்று மத்தேயு 6:7-இல் ஆண்டவர் தடுத்த காரியம். ஆளை அறியாமல் பெயரை மட்டும் எடுத்துப் பிரயோகித்த ஸ்கேவாவின் குமாரர் ஏழுபேருக்கு எபேசுவில் என்ன நடந்தது என்பதை அப்போஸ்தலர் 19-இல் வாசிக்கலாம்.

ஜெபம் முடிந்ததும், அந்த நாமத்துக்குரியவர் இன்று உங்களிடம் விட்டிருக்கும் வேலை எது என்று பார்த்து அதைச் செய்யுங்கள். ஆபிரகாம் அதிகாலையில் எழுந்து கட்டைகளைப் பிளந்தார். யேகோவா ஷாலோம், அதாவது கர்த்தர் சமாதானமானவர் என்று பலிபீடத்துக்குப் பெயரிட்ட கிதியோன், அதே இரவில் பாகாலின் பலிபீடத்தைத் தகர்க்கப் போனார். தகப்பன் வீட்டாருக்கும் ஊராருக்கும் பயந்து, பகலில் செய்யாமல் இரவில் செய்தார் என்று வேதம் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. மீதியானியரும் பள்ளத்தாக்கை விட்டு அசையவில்லை, பயமும் முழுவதாகப் போகவில்லை, வேலை நடந்தது. நம் பூக்காரத் தாய்க்கு அந்த வேலை, கணவரிடம் சொல்வதும், மறுநாள் காலையில் குழுத் தலைவியிடம் போய் ஒரு வார அவகாசம் கேட்பதும் ஆகும்.

கேட்டது வராத நாட்களுக்கும் வழி வேண்டும். பவுல் தன் மாம்சத்தின் முள்ளுக்காக மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை, “என் கிருபை உனக்குப்போதும்” என்ற பதில் வந்தது. “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்; நான் தாழ்ச்சியடையேன்” என்று தொடங்கும் 23-ஆம் சங்கீதத்திலும் மரண இருளின் பள்ளத்தாக்கு நான்காம் வசனத்தில் இருக்கிறது. அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட மேலூர்ப் பக்கம் ஆடுகளை ஓட்டிவரும் கீதாரிகளைப் பார்த்திருப்பீர்கள். நாளைக்கு எந்தக் கண்மாய்க்கரை, எவருடைய வயல் என்று ஆடுகளுக்குத் தெரியாது, கோலோடு முன்னால் நடப்பவருக்குத் தெரியும், இரவில் அவரும் பட்டியை ஒட்டியே படுத்திருப்பார். மேய்ப்பர் என்ற நாமம் தருவது அடுத்த வயலின் விவரத்தை அல்ல, உடன் இருப்பவரை. எசேக்கியேல் இதை இன்னும் தூரத்துக்குக் கொண்டுபோகிறார்: எருசலேம் அழிந்து பதினாலு வருஷம் ஆன பின்பு, சிறையிருப்பின் தேசத்தில் இருந்துகொண்டு, இனி எழும்ப வேண்டிய நகரத்துக்கு யேகோவா ஷம்மா, அதாவது கர்த்தர் அங்கே இருக்கிறார் என்ற பெயரை எழுதுகிறார். வாடகை வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்கு மாறிக்கொண்டிருப்பவர்கள் அந்தப் புத்தகத்தின் கடைசி வசனத்தை ஒருமுறை வாசிக்கலாம்.

நோட்டில் ஒவ்வொரு குறைவுக்கும் எதிர்ப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். வந்ததைத் தேதியோடு அங்கே எழுதுங்கள். கேட்டது ஒன்றாகவும் வந்தது வேறாகவும் இருந்தால் வந்ததையே எழுதுங்கள். சாமுவேல் எபெனேசர் என்ற கல்லை நிறுத்தியதும் இதற்காகத்தான். அது தேவனுடைய நாமம் அல்ல, அவர் இம்மட்டும் உதவி செய்ததற்கு நாட்டிய அடையாளம். வாரத்துக்கு ஒரு நாமம் என்று வேகமாக ஓடாதீர்கள். ஒரே நாமத்தோடு குறைந்தது ஒரு மாதமாவது இருந்தால்தான் அந்த அதிகாரம் மனதில் பதியும்.

வீட்டுக் கூட்டத்தில் இதைச் செய்வதானால், நடத்துபவர் மற்றவர்களுக்கு நாமத்தைத் தெரிந்தெடுத்துக் கொடுக்க வேண்டாம். குறைவைச் சொன்னவரே அதிகாரத்தைத் தெரிந்துகொள்ளட்டும்; மற்றவர்கள் அதை அவருக்காக வாசித்து, நான்கு கேள்விகளையும் அவரோடு சேர்ந்து பார்க்கட்டும். கடன் தொகையையும் குடும்பச் சண்டையையும் அங்கே விவரமாகப் பேச வைப்பது தேவையில்லை, மறுநாள் தெருக்குழாயடியில் அது கதையாகிவிடும். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் கூடினால், அந்த வாரம் யேகோவாயீரேயை எடுக்காமல், ஆகாரின் அதிகாரத்தையோ 23-ஆம் சங்கீதத்தையோ வாசித்து, விளக்கம் சொல்லாமல் ஜெபித்துவிட்டு வாருங்கள். நான்கு கேள்விகளை அந்தத் தாய் தகப்பன் தாங்களாகவே நோட்டை எடுக்கும் மாதத்துக்கு விட்டுவிடலாம்.