இரண்டு நொடியில் இருளும் மானிட்டர்: பழுதுபார்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆனி பிறந்து சாரல் பிடித்துக்கொண்டால் செங்கோட்டையில் என் மேசைமேல் மானிட்டர்கள் வந்து சேரத் தொடங்கும். ஆரியங்காவுக் கணவாய் வழியே இறங்கும் ஈரக்காற்று துணியை உலரவிடாது, தீப்பெட்டியை நமுத்துப்போக வைக்கும். இரண்டு மாதம் ஓடாமல் மூலையில் கிடந்த மானிட்டருக்குள் படிந்த தூசியையும் அது விட்டுவைப்பதில்லை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர் இது. எல்லைக்கோடு நகர்ந்த பிறகும் ஆரியங்காவு, தென்மலை, அச்சன்கோவில் ஆட்கள் பழுதான பொருளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி இங்கே வருகிறார்கள்.

வருபவை பெரும்பாலும் 17, 19 அங்குல எல்சிடி மானிட்டர்கள். எல்இடி விளக்கு பரவுவதற்கு முந்தைய தலைமுறை. திரைக்குப் பின்னால் பென்சிலைவிட மெல்லிய கண்ணாடிக் குழல் விளக்குகள் இரண்டோ நான்கோ இருக்கும். அவற்றை எரியவைப்பது இன்வெர்ட்டர். அந்த இன்வெர்ட்டரும் பவர் சப்ளையும் பல மானிட்டர்களில் ஒரே போர்டில் அமைந்திருக்கும். எடைமேடையிலும் மரக்கடையிலும் சிசிடிவிக்கும் இவை இன்னமும் உழைக்கின்றன. சில நூறு ரூபாயில் சரியாகும் பொருளைக் குப்பைக்கு அனுப்ப எனக்கு மனம் வராது. ஆனால் என்னிடம் வருவதற்குள் பலவற்றில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். முதல் பழுதைவிட அந்தக் கை செய்த பழுதைச் சரிசெய்யத்தான் அதிக நேரம் போகிறது. கண்ணில் முதலில் படும் கோளாறைப் பிடித்துக்கொண்டு, அதற்கு அப்பால் பார்க்காமல் விட்டதால் வந்தவைதான் அவற்றில் பெரும்பாலானவை.

டார்ச் அடித்துப் பார்க்காமல் திறப்பது

சுவிட்ச் போட்டதும் படம் வருகிறது, ஒன்றிரண்டு நொடியில் திரை இருண்டுவிடுகிறது, பவர் விளக்கு மட்டும் பச்சையாக எரிகிறது. இதைப் பார்த்ததும் "பேனல் போய்விட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரைக்குச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, மெயின் போர்டு படத்தை அனுப்புகிறது, அதற்குப் போகும் 5 வோல்ட்டும் நன்றாக இருக்கிறது. பழுது பின்விளக்கிலோ, அதன் இன்வெர்ட்டரிலோ, இன்வெர்ட்டருக்கு வரும் மின்சாரத்திலோ, மெயின் போர்டு அதற்குக் கொடுக்கும் 'ஆன்' கட்டளையிலோ இருக்கிறது. ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றாமல் பாதி வேலை முடிந்துவிடும்.

அந்த இரண்டு நொடிக்குக் காரணம் உண்டு. குழல் பற்றிக்கொள்ள ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் வேண்டும். பற்றிய பிறகு ஐந்நூறிலிருந்து எண்ணூறு வோல்ட் வரை, நொடிக்கு நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் முறை அலைவதாக, சில மில்லிஆம்பியர் மட்டும் ஓடும். ஒவ்வொரு குழல் வழியாகவும் அந்தச் சிறு மின்னோட்டம் திரும்பி வருகிறதா என்று இன்வெர்ட்டர் ஐசி கண்காணிக்கிறது. ஒன்று தவறினாலும் எல்லாவற்றையும் அணைத்துவிடும். ஆகவே திரை இருள்கிறது என்றால், பாதுகாப்புச் சுற்று தன் வேலையைச் செய்கிறது என்று பொருள்.

இங்கேதான் மிக ஆபத்தான தவறு நடக்கிறது. ஐசியில் பாதுகாப்புச் சுற்றுக்கான காலைத் தரையோடு (கிரவுண்டோடு) இணைத்தோ, ஒரு டயோடை வெட்டியோ அதை ஏமாற்றிவிட்டால் திரை எரியும். செய்து காட்டும் வீடியோக்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். பழுதான குழலை எரிக்க டிரான்ஸ்ஃபார்மர் முழு அழுத்தத்தோடு முட்டிக்கொண்டே இருக்கும். அது சூடாகும், காப்பு கருகும், பொறி பறக்கும். ஈரக்காற்று வீசும் வீட்டில், ஆள் இல்லாத நேரத்தில் ஓடும் மானிட்டரில் அந்தப் பொறி என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

மாறாக, பழைய உடைந்த பேனலிலிருந்து நல்ல குழல் ஒன்றைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகப்படும் குழலின் கனெக்டரைக் கழற்றி அந்த இடத்தில் இதை மாட்டினால், கோளாறு குழலிலா இன்வெர்ட்டரிலா என்று தெரிந்துவிடும். முனைகள் கறுத்த குழல், எரியத் தொடங்கும்போது இளஞ்சிவப்பு காட்டும் குழல் ஆகியவை ஆயுள் முடிந்தவை. கழற்றும்போது உடைக்காதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது.

மீட்டரை வைக்கக் கூடாத இடம், வைக்க வேண்டிய இடம்

குழல் கனெக்டரில் மல்டிமீட்டர் முள்ளை வைத்து "எத்தனை வோல்ட் வருகிறது" என்று பார்க்க முயன்று மீட்டரை இழந்தவர்களை நான் அறிவேன். சாதாரண மீட்டர் வீட்டு மின்சாரத்தை அளப்பதற்கானது. இவ்வளவு அலைவெண்ணும் அழுத்தமும் சேர்ந்தால் அது தாங்காது, கைக்கும் ஆபத்து. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, டிரான்ஸ்ஃபார்மர்களின் உயரழுத்தச் சுற்றின் ஓம் மதிப்பை அளந்து ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். இரட்டைப் பிள்ளைகள்போல் கிட்டத்தட்ட ஒரே எண் வர வேண்டும். ஒன்று தொள்ளாயிரம் ஓம் காட்டி, மற்றொன்று எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது.

மீட்டரை வைக்க வேண்டிய இடம் இன்வெர்ட்டருக்கு மின்சாரம் வரும் வழி. மாடலைப் பொறுத்து அங்கே 12 முதல் 18 வோல்ட் வரை இருக்கும். சுவிட்ச் போட்டுத் திரை இருளும் அந்தக் கணத்தில் எண்ணைக் கவனியுங்கள். 14 வோல்ட் ஒன்பதுக்குச் சரிந்தால் பவர் சப்ளைப் பக்கம் பலவீனம். அசையாமல் நின்றால் இன்வெர்ட்டரையோ குழலையோ பாருங்கள். அடுத்து, மெயின் போர்டிலிருந்து வரும் 'ஆன்' கட்டளைக் கம்பியில் மூன்று முதல் ஐந்து வோல்ட் வரை இருக்கிறதா என்று பாருங்கள். இருண்ட பிறகும் அது இருந்தால் இன்வெர்ட்டர் தானாகவே படுத்திருக்கிறது. அதுவே பூஜ்யமாகிவிட்டால், கட்டளை கொடுத்து அணைத்தது மெயின் போர்டு. இதைப் பார்க்காமல் இன்வெர்ட்டர் ஐசியை மாற்றுவது காலத்தையும் பணத்தையும் வீணாக்கும்.

உப்பியதை மட்டும் மாற்றுவது

சென்ற ஆண்டு ஆனியில் ஆரியங்காவிலிருந்து ஓர் எடைமேடை மானிட்டர் வந்தது. கொண்டுவந்த இளைஞர் கெட்டிக்காரர், சால்டரிங் நன்றாகவே செய்திருந்தார். "அண்ணாச்சி, உப்பியிருந்த நான்கு கெப்பாசிட்டரையும் மாற்றிவிட்டேன். ஒரு வாரம் ஓடியது. மழை வந்ததும் மறுபடி இருண்டுவிட்டது" என்றார்.

உப்பிய கெப்பாசிட்டரை மாற்றியது சரிதான். 2000களின் தொடக்கத்தில் தரமற்ற மின்பகுதிரவத்தோடு வெளிவந்த கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்க போர்டுகளைக் கெடுத்தன. அந்தக் காலத்து மானிட்டர்களில் உப்பல் சாதாரணம். ஆனால் மழை வந்ததும் இருள்கிறது என்ற சொல்தான் என்னை நிறுத்தியது. கெப்பாசிட்டருக்கு மழை தெரியாது. மேல்விளக்கை அணைத்துவிட்டு, போர்டிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று சுவிட்சைப் போட்டேன். ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் காலடியில் தலைமுடி போன்ற நீலக் கோடு ஒன்று துடித்து மறைந்தது. 'ஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம், கூடவே மின்னல் வெட்டிய பிறகு வருவது போன்ற வாசனை. பிளக்கைக் கழற்றி, கொஞ்சம் காத்திருந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உயரழுத்தக் காலிலிருந்து பக்கத்துக் கால்வரை எறும்பு ஊர்ந்த தடம்போல ஒரு பழுப்புக் கோடு. தூசியும் ஈரமும் சேர்ந்த இடத்தில் மின்சாரம் வழி கண்டுபிடித்து, போர்டைக் கருக்கிக் கரியாக்கியிருந்தது. கரி மின்சாரத்தைக் கடத்தும். ஒருமுறை விழுந்த தடம் தானாக ஆறாது.

பலர் இந்த இடத்தில் பிரஷ்ஷால் துடைத்துவிட்டு மூடிவிடுவார்கள். துடைத்தால் போகாது. டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிட்டு, கறுப்பு முழுவதும் போய் வெளிறிய ஃபைபர் தெரியும்வரை கத்தி முனையால் சுரண்டினேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாக உலரவைத்து, உயரழுத்தத்துக்கான வார்னிஷ் பூசினேன். பக்கத்தில் கெப்பாசிட்டர்களைப் பிடித்து வைக்கத் தொழிற்சாலையில் ஊற்றிய பசையும் வெளிர் மஞ்சளிலிருந்து காப்பி நிறத்துக்கு மாறியிருந்தது. பழசாகிக் கறுத்த பசையும் மின்சாரத்தைக் கசியவிடும். அதையும் சுரண்டி எடுத்தேன். இரண்டு பக்கமும் பழைய சால்டர் வளையமாக வெடித்திருந்த டிரான்ஸ்ஃபார்மர் கால்களுக்குப் புது ஈயம் வைத்தேன்.

கெப்பாசிட்டர் விஷயத்திலும் சொல்ல வேண்டியது நிறைய. உப்பாமலே கெட்டுப்போகும் கெப்பாசிட்டர்கள் உண்டு. மீட்டரில் மைக்ரோஃபாரட் சரியாகக் காட்டும், ஆனால் உள்தடை ஏறியிருக்கும். அதை இஎஸ்ஆர் மீட்டரில்தான் பிடிக்க முடியும். எல்லோரும் விட்டுவிடுவது பவர் ஐசிக்குப் பக்கத்தில் நிற்கும் சின்னஞ்சிறு கெப்பாசிட்டர். 22 அல்லது 47 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் என்று எழுதியிருக்கும். பெரிய சூட்டுக்கு நடுவே நின்று உள்ளே காய்ந்துபோகும், உப்பவே உப்பாது. மானிட்டர் கிளம்பாமல் 'டிக், டிக்' என்று அடித்துக்கொண்டிருந்தால், வெளியீட்டில் ஷார்ட் இல்லை என்று உறுதி செய்துகொண்டு முதலில் அதை மாற்றுங்கள்.

மாற்றும்போது 105 டிகிரி தாங்குவதாகவும் உள்தடை குறைந்த வகையாகவும் பார்த்து வாங்குங்கள். 25 வோல்ட் இருந்த இடத்தில் கையில் கிடைத்த 16 வோல்ட்டைப் போடாதீர்கள். 15 வோல்ட் ஓடும் வழியில் அது எத்தனை நாள் நிற்கும்? வோல்ட் மதிப்பு கூடலாம், குறையக் கூடாது. பழைய போர்டில் பிடுங்கியதை வைக்காதீர்கள். எடுக்கும் முன் ஒரு படம் பிடித்துக்கொண்டால் நெகட்டிவ் பக்கம் மாறாது.

உயிரோடு சம்பந்தப்பட்டவை

பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் நிற்கிறது. முன்பக்கச் சுவிட்சை அணைத்தாலும் பல மானிட்டர்களில் அந்தப் பகுதி உயிரோடுதான் இருக்கும். பிளக்கைப் பிடுங்க வேண்டும். பிடுங்கிய பிறகும் மின்சாரம் தங்கியிருக்கலாம். ஸ்க்ரூடிரைவரால் இரண்டு காலையும் சேர்த்து 'டப்' என்று அடிப்பது வீரம் போலத் தெரிகிறது. போர்டின் பாதை பெயர்ந்துவிடும், உருகிய உலோகம் கண்ணில் தெறிக்கும். 2.2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டருக்கு உறையிட்ட கம்பிகள் கட்டி, சில நொடி வைத்து இறக்குங்கள். பிறகு மீட்டரால் பூஜ்யம் என்று உறுதி செய்யுங்கள்.

ஃப்யூஸ் போயிருந்தால் கம்பியைச் சுற்றி ஓட்டாதீர்கள். உள்ளே கண்ணாடி கறுத்திருந்தால் வீட்டு மின்சாரத்தை டிசியாக்கும் பிரிட்ஜ் டயோடோ, அதை வேகமாகத் திறந்து மூடும் மாஸ்ஃபெட்டோ ஷார்ட் ஆகியிருக்கும். அதை அளக்காமல் புது ஃப்யூஸ் போட்டால் அதுவும் போகும். முதல் சோதனையை 100 வாட் குண்டு பல்பைச் சீரியஸில் வைத்துச் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது, பிரகாசமாகவே நின்றால் ஷார்ட். பின்விளக்கு பற்றும்போது பல்பு மின்னழுத்தத்தைக் குறைத்துவிடுவதால் மானிட்டர் அணைந்து அணைந்து வரலாம், அதைப் புதுப் பழுது என்று எண்ண வேண்டாம். பல்பு போர்டைக் காக்கும், உங்களை ஷாக்கிலிருந்து காக்காது.

ஐப்பசி இடி மழையை எல்லைக்கு அந்தப்பக்கம் துலாவர்ஷம் என்பார்கள். அந்த மாதத்தில் வரும் மானிட்டர்களில் நுழைவாயிலில் நிற்கும் நீல வட்டு, அதாவது வேரிஸ்டர், வெடித்திருக்கும். அதை வெட்டி எறிந்துவிட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். மானிட்டர் ஓடும்தான். ஆனால் அடுத்த மின்னலை யார் வாங்குவார்கள்? அதே மதிப்பில் புதிது வையுங்கள். எக்ஸ்2, ஒய் என்று பாதுகாப்பு முத்திரை போட்ட கெப்பாசிட்டர்களுக்கும் அதே முத்திரை உள்ளவற்றையே போட வேண்டும். ஒய் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆனால் வீட்டு மின்சாரம் இரும்புச் சட்டத்துக்கே வந்துவிடும்.

இன்னொன்று, தரை. மின்சாரம் வரும் பக்கத்துத் தரை வேறு, 5 வோல்ட் பக்கத்துத் தரை வேறு. பெரிய கெப்பாசிட்டரின் நெகட்டிவில் கறுப்பு முள்ளை வைத்து 5 வோல்ட்டைத் தேடினால் சரியான எண் கிடைக்காது. உடனே "போர்டு செத்துவிட்டது" என்பார்கள்.

குழலை எடுத்துவிட்டு எல்இடி பட்டை போடுவது நல்ல வழி. பட்டையை 5 வோல்ட் வழியில் இணைத்து மெயின் போர்டைத் திணறவைக்காமல், கிட்டோடு வரும் டிரைவர் போர்டை இன்வெர்ட்டருக்கு மின்சாரம் வரும் வழியில் இணையுங்கள். 'ஆன்' கட்டளையையும் அதற்கே இணைத்தால் போதும்.

கடைசியாக, மூடுவதில் வரும் தவறு. போர்டுக்கும் இரும்புத் தகட்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கும். கழற்றும்போது இது எதற்கு என்று ஓரமாக வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஆரியங்காவு மானிட்டரில் அது இல்லை. இளைஞரிடம் கேட்டேன். வீட்டில் மேசை இழுப்பறையில் இருப்பதாகச் சொன்னார். உயரழுத்தக் கால்களுக்கும் தகட்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான் இடைவெளி. கழித்துப்போட்ட இன்னொரு மானிட்டரின் தாளை எடுத்து அளவாக வெட்டி வைத்தேன். எர்த் ஸ்க்ரூவை இறுக்கினேன். முழு வெளிச்சத்தில் வைத்து, சன்னலைத் திறந்துபோட்டு, சாரல் காற்றிலேயே இரண்டு நாள் ஓடவிட்டேன். மூன்றாம் நாள் காலை அவர் வந்து பழைய சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு புனலூர் பஸ் ஏறினார்.