செசி நம்பர் சொன்ன கதை

ஹட்டனில் ஜப்பானிலிருந்து வந்த ஒரு பழைய வேகன் ஆர் கார் பார்த்தேன். மீட்டரில் 48,000 கிலோமீட்டர். "ஒரு கீறல்கூட இல்லை தம்பி" என்றார் விற்றவர்.

பொனட்டுக்குள் இருந்த தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு. துணியால் துடைத்தேன், எம்எச்44எஸ் என்று தொடங்கும் செசி நம்பர், அதாவது வண்டியின் அடையாள எண், தெரிந்தது. வண்டியின் பதிவுச் சான்றான சிஆர் புத்தகத்திலும் அதே நம்பர்தான். சரி, முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் மனசு கேட்கவில்லை.

ஜப்பானில் ஓடவென்று அங்கேயே செய்த வண்டிக்கு 17 எழுத்து நம்பர் கிடையாது, இந்தக் குட்டை நம்பர்தான். அதைக் கொடுத்து, காசு கட்டி, ஜப்பானில் ஏலம் விட்டபோது வண்டியைச் சோதித்து எழுதிய ஏல அறிக்கையை எடுத்தேன். தரம் 'ஆர்'. அதாவது விபத்தில் அடிபட்டுத் திருத்திய வண்டி. அங்கேயே 71,000 ஓடியிருக்கிறது! இங்கே வந்து மீட்டர் பின்னோக்கி ஓடியதாக்கும்.

கினிகத்தேனை இறக்கத்தில் அதை நம்பி எப்படி இறங்குவது? நல்லவேளை, அட்வான்ஸ் கொடுக்கவில்லை. இப்போது தலவாக்கலையில் வேறொன்று பார்த்திருக்கிறேன். அறிக்கை வந்த பிறகுதான் விலை பேச்சு.