மினியின் கியர்பாக்ஸ் ஆயில் கசிவு: எங்கிருந்து வருகிறது, எப்படி நிறுத்துவது

பழைய பிரிட்டிஷ் சிறு காரான மேனுவல் கியர் மினியில் கியர்பாக்ஸ் ஆயில் என்று தனியாக ஒன்று கிடையாது. 1959இல் வெளிவந்த இந்தக் காரில் அலெக் இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்குவாட்டில் வைத்து, கியர்பாக்ஸையும், சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் அதன் அடியில், ஆயில் தேங்கும் சம்புக்குள்ளேயே அடக்கிவிட்டார். எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே ஆயில். அம்பாசடர் போல கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில் ஊற்றும் வண்டிகளில் பழகியவர்கள் முதலில் தடுமாறும் இடம் இதுதான். அடியில் சொட்டுவது எஞ்சின் ஆயிலா கியர் ஆயிலா என்று நிறத்தையும் வாசனையையும் வைத்துச் சொல்ல முடியாது. எங்கிருந்து வருகிறது என்று தேடித்தான் ஆக வேண்டும்.

சீல் வாங்குவதற்கு முன்

கியர்பாக்ஸ் கசிகிறது என்று கொண்டுவரும் மினிகளில் பாதிப் பழி மேலே இருக்கும் பாகங்களுடையது. 850, 998 சிசி எஞ்சின்களின் பின்பக்கத்தில் இரண்டு டேப்பட் மூடிகள் உண்டு. அவற்றின் கேஸ்கெட் காய்ந்துவிட்டால் ஆயில் எஞ்சின் முதுகு வழியே இறங்கி நேராக டிஃபரன்ஷியல் ஹவுசிங் மேல் விழும். கீழே படுத்துப் பார்ப்பவருக்கு டிஃபரன்ஷியல் சீல் போனதுபோலவே தெரியும். 1275இல் பெரும்பாலும் இந்த மூடிகள் கிடையாது. ராக்கர் கவர் கேஸ்கெட், ஆயில் பிரஷர் சுவிட்ச், டைமிங் கவர் சீல் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளுவதால், எஞ்சினின் முன்பக்கத்தில் உள்ள ஃபில்டரிலிருந்து கசிந்தது கூடப் பின்னால் போய்த்தான் சொட்டும்.

எஞ்சினையும் கியர்பாக்ஸ் பெட்டியையும் டிகிரீசர் போட்டுக் கழுவி, நன்றாக உலரவிட்டு, சந்தேகப்படும் இடங்களில் டால்கம் பவுடரைத் தூவுங்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, விளக்குப் பிடித்துப் பாருங்கள். ஈரக்கோடு தொடங்கும் மிக உயரமான இடம்தான் குற்றவாளி.

அடுத்து பிரீதர், அதாவது எஞ்சினுக்குள் சேரும் அழுத்தம் வெளியேறும் வழி. இதைப் பார்க்காமல் சீல் மாற்றுவது வீண் செலவு. டைமிங் கவரிலோ பிளைவீல் ஹவுசிங்கிலோ ஒரு சிறு டப்பா இருக்கும், அதற்குள் கம்பிவலை. அங்கிருந்து கார்புரேட்டர் பக்கம் ஒரு ஹோஸ் போகும். வலையில் கசடு அடைத்துக்கொண்டால் கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறும், அந்த அழுத்தம் எந்தப் புதுச் சீலையும் தாண்டி ஆயிலை வெளியே தள்ளும். எஞ்சின் ஐடிலிங்கில் இருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து கையை வையுங்கள். புஸ்புஸ் என்று ஊதினால் டப்பாவைக் கழற்றி பெட்ரோலில் ஊறவைத்துச் சுத்தம் செய்யுங்கள், ஹோஸ் உள்ளே ஊதிப்போய் ஒட்டியிருந்தால் மாற்றுங்கள். அதன் பிறகும் ஊதினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, சீல் மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

டிப்ஸ்டிக்கையும் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றிய ஆயிலும் கசிவாகத்தான் வெளியே வரும்.

டிரெயின் பிளக்

பெட்டியின் வலது முனையில் கீழே இருக்கும் காந்தப் பிளக் இது. 15/16 அங்குல ஏ.எஃப். (அங்குல அளவு) ஸ்பேனர் வேண்டும், மெட்ரிக் ஸ்பேனர் வைத்துத் தலையை உருட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் புது செம்பு வாஷர் போடுங்கள். முறுக்கம் 25 பவுண்டு-அடி, சுமார் 34 நியூட்டன் மீட்டர். பெட்டி அலுமினியம். கசிகிறதே என்று நீளக் கைப்பிடி போட்டு இறுக்கியவர்களால்தான் இந்த மரை அறுந்துபோகிறது. அறுந்துவிட்டால் பெட்டியைத் தூக்கி எறிய வேண்டாம், கம்பிச்சுருள் இன்சர்ட் போட்டு மரையை மீட்கலாம். உலோகத் துகளும் சீவலும் உள்ளே விழாதபடி மரை வெட்டும் டேப்பில் கிரீஸ் பூசிக்கொண்டு வெட்டி, முடிந்ததும் கொஞ்சம் ஆயில் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

கியர் செலக்டர் ஷாஃப்ட் சீல்

1973 முதல் வந்த ராட்-சேஞ்ச் பெட்டிகளில் மிக அதிகமாகக் கசிவது இதுதான். கியர் லிவரிலிருந்து வரும் ராடு, டிஃபரன்ஷியல் ஹவுசிங்கின் பின்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு ஷாஃப்ட்டுடன் சேர்கிறது. அந்த ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகரவும் செய்யும், திரும்பவும் செய்யும். சாலைத் தூசியும் தண்ணீரும் நேராக அடிக்கும் இடம், பக்கத்திலேயே சைலன்சர் குழாயின் சூடு. சீல் இறுகிக் காய்ந்துபோக இதற்கு மேல் என்ன வேண்டும்? நல்ல செய்தி: எஞ்சினை இறக்காமலே இதை மாற்றலாம்.

முன்பக்கத்தைத் தூக்கி ஆக்சில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. ஆயிலை வடித்துவிடுங்கள். இந்த வேலையை ஆயில் மாற்றும் நாளில் வைத்துக்கொள்வது சிக்கனம். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ராடையும் ஷாஃப்ட்டையும் இணைக்கும் ரோல் பின்னை, துளையைவிடச் சற்றுச் சிறிய பஞ்ச் வைத்துத் தட்டி எடுங்கள். துரு பிடித்திருந்தால் முந்தைய நாளே துரு நீக்கும் திரவம் அடித்து வையுங்கள். பிறகு அதன் பக்கத்தில் தாங்கலாக இருக்கும் ஸ்டெடி ராடின் கியர்பாக்ஸ் பக்க போல்ட்டைக் கழற்றினால் ராடுகள் கீழே இறங்கி வழி கிடைக்கும்.

பழைய சீலை வளைந்த ஊசிக் கொக்கியால் நெம்பி எடுங்கள். வராவிட்டால் சீலின் உலோக முகத்தில் சிறு துளை போட்டு ஒரு செல்ஃப்-டேப்பிங் ஸ்க்ரூவைத் திருகி, அதைப் பிளையரால் இழுங்கள். டிரில் முனை ஷாஃப்ட்டைத் தொட்டுக் கீறிவிட்டால் புதுச் சீல் ஒரு வாரமும் தாங்காது.

இப்போது ஷாஃப்ட்டைப் பாருங்கள். சீலின் உதடு உரசும் பகுதியில் துருக்குழி இருந்தால், 600 நம்பர் எமரி பேப்பரில் ஆயில் தொட்டு, ஷாஃப்ட்டைச் சுற்றி வளையமாகத் தேயுங்கள். ஆழக் குழியாக இருந்தால் சீலை ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே தள்ளி, உதடு நல்ல பரப்பில் படும்படி உட்கார வைக்கலாம். ஷாஃப்ட் முனையிலும் பின் துளையிலும் கூர்விளிம்பு உண்டு, புதுச் சீலை அப்படியே நுழைத்தால் உதடு கிழிந்துவிடும். பெரும்பாலான புதுச் சீல்கள் கசிவது இதனால்தான். குளிர்பான பாட்டில் பிளாஸ்டிக்கில் ஒரு துண்டு வெட்டி, ஷாஃப்ட்டின் மேல் குழாய்போல் சுற்றி, ஆயில் தடவி, அதன் மேல் சீலைச் சறுக்கிக்கொண்டு போங்கள். உதடு உள்நோக்கி இருக்க வேண்டும். ஷாஃப்ட் நடுவில் புகும் அளவு குழாய் ஒன்றை வைத்து, சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்குங்கள். புது ரோல் பின் போடுங்கள்.

டிஃபரன்ஷியல் பக்கச் சீல்கள்

பாட் ஜாயிண்ட் (டிரைவ் ஷாஃப்ட்டின் உள்முனை இணைப்பு) உள்ள கார்களில் சக்கரத்தைக் கழற்றி, மேல் கீழ் பால் ஜாயிண்ட்டுகளையும் டை ராட் எண்டையும் விடுவித்து, ஹப்பை டிரைவ் ஷாஃப்ட்டோடு வெளியே இழுக்க வேண்டும். பிரேக் ஹோஸில் ஹப் தொங்கக் கூடாது, கயிற்றால் கட்டி வையுங்கள். பாட் ஜாயிண்ட் உள்ளே ஒரு ஸ்னாப் வளையத்தில் பிடித்திருக்கும், ஆப்பு வடிவக் கருவியால் சட்டென்று ஒரு அடி கொடுத்தால் வந்துவிடும். பக்க மூடியின் அலுமினிய விளிம்பில் நெம்பினால் மூடி உடையும்.

பக்க மூடியையே கழற்றிச் சீல் மாற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதற்குள் இருக்கும் ஷிம் என்ற மெல்லிய தகடுதான் பேரிங் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. சீல் வெளியிலிருந்தே வரும். ரப்பர் கப்ளிங் கொண்ட பழைய மினிகளில் ஃபிளாஞ்சைக் கழற்றித்தான் சீலைத் தொட முடியும். அங்கே கசிந்த ஆயில் கப்ளிங் ரப்பரையும் ஊறவைத்துக் கெடுத்திருக்கும், சேர்த்தே மாற்றுங்கள்.

பிரைமரி கியர் சீல்

பிரைமரி கியர் என்பது கிராங்க் முனையில் இருந்து எஞ்சின் சக்தியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கியர். பிளைவீல் ஹவுசிங்கின் அடியில் ஒரு சிறு துளையும் அதில் ஒரு ஸ்ப்ளிட் பின்னும் இருக்கும். அங்கே ஆயில் சொட்டி, ஏற்றத்தில் கிளட்சும் வழுக்கினால் பிரைமரி கியர் சீல் போய்விட்டது. எஞ்சின் காரில் இருக்கும்போதே செய்யலாம், ஆனால் வேலை கனமானது.

பேட்டரியைத் துண்டித்து, ஸ்டார்ட்டர் மோட்டாரையும் ஸ்லேவ் சிலிண்டரையும் விலக்குங்கள். பெட்டிக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கால் தாங்கி, வலப்பக்க எஞ்சின் மவுண்டிங்கை விடுவியுங்கள். எஞ்சினை உயர்த்தும்போது ஃபேன் ரேடியேட்டரில் இடிக்கும், அதன் மேல் தாங்கியை முன்பே கழற்றுங்கள். கிளட்ச் மூடி வெளியே வந்ததும், பிளைவீலில் கை வைக்கும் முன் அதன் மேல் உள்ள 1/4 குறி மேலே வரும்படி, அதாவது கிராங்க் முனையின் பள்ளம் கிடைமட்டமாக நிற்கும்படி திருப்பிக்கொள்ளுங்கள். பிரைமரி கியரைப் பிடித்திருக்கும் சி வடிவ வாஷர் வேறு நிலையில் நழுவி விழும், அப்படியே பிளைவீலை இழுத்தால் சேதம் பெரிது.

நடு போல்ட்டின் பூட்டு வாஷரை நிமிர்த்தி, போல்ட்டைச் சில மரை மட்டும் தளர்த்தி விட்டுவையுங்கள். புல்லரை இறுக்கும்போது பிளைவீல் வெடித்ததுபோல் கிராங்க் முனையின் கூம்பு வடிவ டேப்பரிலிருந்து விடுபடும், அந்த போல்ட் இல்லாவிட்டால் காலில் விழும். பழைய வகை கிளட்சில் பாகங்களில் 'ஏ' குறி இருக்கும், திரும்பப் பூட்டும்போது அவை ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். பிறகு சி வாஷரை எடுத்துப் பிரைமரி கியரை உருவினால் சீல் தெரியும். புதுச் சீலின் உதட்டில் ஆயில் தடவி, கியரின் ஸ்பிளைன்கள் மேல் ஒட்டு டேப் சுற்றி நுழைத்துவிடுங்கள். பூட்டியபின் கியரின் எண்ட் ஃப்ளோட்டை (முன்னும் பின்னுமான ஆட்டத்தை) ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும், 0.0035 முதல் 0.0065 அங்குலத்துக்குள் இருந்தால் சரி. கூடுதலாக இருந்தால் தரஸ்ட் வாஷரை மாற்றாமல் மூடாதீர்கள், கியர் ஆடி ஆடிப் புதுச் சீலையும் தின்றுவிடும்.

கிராங்கின் டேப்பரும் பிளைவீலின் டேப்பரும் ஆயில் பிசுக்கே இல்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். நடு போல்ட் 110 முதல் 115 பவுண்டு-அடி, சுமார் 150 நியூட்டன் மீட்டர். ஆயிலில் ஊறிய கிளட்ச் பிளேட்டைப் பெட்ரோலில் கழுவிப் போட்டால் சில நாள் ஓடும், அவ்வளவுதான். கையோடு புதியது போடுங்கள்.

ஆயில் ஊற்றுதல்

20டபிள்யூ50 மினரல் எஞ்சின் ஆயில். ஃபில்டரோடு சேர்த்து சுமார் 8.5 பிரிட்டிஷ் பைண்ட், அதாவது 4.8 லிட்டர் பிடிக்கும். இபி90 கியர் ஆயில் இதில் ஒரு சொட்டும் கூடாது, அதே ஆயில்தான் கிராங்க் பேரிங்குகளுக்கும் போகிறது. மெல்லிய சிந்தெடிக் ஆயில் பழைய சீல்களைத் தாண்டி இன்னும் வேகமாக வெளியேறும். முதலில் 4.3 லிட்டர் ஊற்றி, எஞ்சினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மீதியைச் சேருங்கள். பிரைமரி கியர் சீல் மாற்றியிருந்தால் முதல் சில நாட்கள் ஹவுசிங்கில் தேங்கிய பழைய ஆயில் அந்தச் சிறு துளை வழியே சொட்டிக்கொண்டிருக்கும். நூறு கிலோமீட்டருக்கு மேலும் நிற்காவிட்டால் மட்டும் மறுபடி திறக்க யோசியுங்கள்.