குல்மார்க் ஸ்னோ ரிப்போர்ட் பாக்குறப்ப நம்ம டெல்டா ஆளுங்க கோட்டை விடுற இடங்கள்

சம்பா அறுத்து நெல்லு போட்டு கையில நாலு காசு நிக்கிற நேரம் பாத்து எங்க மன்னார்குடி பக்கத்துலயே இப்ப ரெண்டு மூணு குடும்பம் காஷ்மீர்ல பனிச்சறுக்குக்கு பேர் போன குல்மார்க்குக்கு கிளம்பிடுது. கிளம்புறதுக்கு முன்னாடி எல்லாரும் என்கிட்ட கேக்குறது ஒரே கேள்வி தான், "அங்க இப்ப ஸ்னோ இருக்கா?" இருக்கு இல்லன்னு ஒரே வார்த்தையில சொல்ற சமாச்சாரம் இல்லங்க அது.

நானே அடிபட்டவன் தான். 2024 பொங்கல் லீவுக்கு போனோம், வாட்ஸப்புல யாரோ அனுப்புன வீடியோவ நம்பி, அதுல இடுப்பளவு பனி, ஆளுங்க கால்ல ஸ்கீன்னு சொல்ற சறுக்குப் பலகைய மாட்டிக்கிட்டு சும்மா பறக்குறாங்க. நேர்ல போய் எறங்குனா காஞ்ச புல்லு! சித்திரையில நம்ம வயக்காடு கெடக்குமே அதே கலர். அந்த சீசன்ல மாசக் கடைசி வாக்குல தான் பனியே விழ ஆரம்பிச்சுது, அத நாங்க வீட்ல உக்காந்து டிவியில பாத்தோம். வீடியோ எந்த வருஷத்துதுன்னு எங்கள்ல ஒருத்தன் கூட கேக்கல.

அதுக்கு மேல இன்னொரு தப்பும் பண்ணியிருந்தோம். ஜனவரின்னா கடுங்குளிரு, குளிருன்னா பனி விழும்னு ஒரு கணக்கு. காஷ்மீர்ல டிசம்பர் 21லேருந்து 40 நாள 'சில்லை கலான்'னு சொல்லுவாங்க, வருஷத்துலயே குளிர் ஜாஸ்தியான நாளுங்க அது தான். ஆனா குளிர் மட்டும் இருந்து என்ன பிரயோஜனம், மேகம் வரணும்ல? நமக்கு வங்கக்கடல்லேருந்து வர்ற மாதிரி அவங்களுக்கு மத்திய தரைக்கடல் பக்கத்துலேருந்து மேற்கத்திய இடையூறுன்னு மேகத்த கொண்டாற ஒரு காத்தழுத்த அமைப்பு நகந்து வரணும், அது வராத வரைக்கும் நம்ம மார்கழி மாதிரி வெறும் குளிர் தான். 2025ல குல்மார்க்ல நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டியயே பனி இல்லன்னு பிப்ரவரிலேருந்து மார்ச்சுக்கு தள்ளி வச்சாங்க. அப்ப நம்ம பேக்கேஜ் டூர் எம்மாத்திரம். இதனால தான் நான் ஜனவரி நடுவுல போறவங்கள பிப்ரவரிக்கு மாத்திக்க சொல்றது, அதுவும் கேரண்டி கிடையாது, ஆனா சான்ஸ் நல்லா இருக்கும்.

சரி, எவ்வளவு பனி கெடக்குன்னு சொல்ற ஸ்னோ ரிப்போர்ட்டுக்கு வருவோம். அதுல பேஸ் டெப்த்னு ஒரு நம்பர், நியூ ஸ்னோன்னு ஒரு நம்பர் இருக்கும். நம்ம ஆளுங்க பெரிய நம்பர மட்டும் பாத்து சந்தோஷப்பட்டுடுவாங்க. தினமும் காலையில பேப்பர்ல மேட்டூர் நீர்மட்டம் எத்தன அடி, வரத்து எத்தன கன அடின்னு ரெண்டையும் தனித்தனியா படிக்கிற ஊர்க்காரன் இதுல குழம்பலாமா? பேஸ் டெப்த் தான் நீர்மட்டம், இதுவரைக்கும் சேந்து அமுங்கி கெடக்குறது. நியூ ஸ்னோ தான் வரத்து, நேத்தைக்கு விழுந்தது. பேஸ் நெறைய இருந்து பத்து நாளா புதுசா எதுவும் விழலன்னா கீழ கெட்டியா ஐஸ் மாதிரி ஆயிருக்கும், புதுசு மட்டும் விழுந்து பேஸ் இல்லன்னா ஸ்கீ நேரா கல்லுல போய் இடிக்கும்.

அந்த நம்பர் எந்த இடத்துல எடுத்ததுன்னும் பாருங்க. மேட்டூர் 120 அடி நெறைஞ்சிடுச்சுன்னா முத்துப்பேட்டை வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சுன்னா அர்த்தம்? குல்மார்க் ஊரு சுமார் 2,650 மீட்டர் ஒசரம், கொண்டோலான்னு சொல்ற கேபிள் காருல முதல் கட்டமான ஃபேஸ் ஒன்ல ஏறுனா கோங்டூரிங்கற ஸ்டேஷன், ஃபேஸ் டூவுல ஏறுனா அஃபர்வத் மலைத்தோள், அது கிட்டத்தட்ட 3,950 மீட்டர். நம்ம பெரிய கோயில் விமானத்த அறுபது தடவ ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குன ஒசரம். மேல ஆளு மூழ்குற பனி இருக்கும், கீழ நாம ஸ்லெட்ஜ்ங்கற சறுக்கு வண்டி விடுற இடத்துல புல்லு தெரியும்.

குளிரும் அப்படித்தான். ஆயிரம் மீட்டர் ஏறுனா ஆறு ஆறர டிகிரி கொறையும், அப்ப ஊருக்குள்ள மைனஸ் 2ன்னா மேல மைனஸ் 10, அதோட 30 கிலோமீட்டர் வேகத்துல காத்தும் அடிச்சா ஒடம்புக்கு மைனஸ் 20 மாதிரி இருக்கும். காத்து ஓவரா போனா ஃபேஸ் டூவ நிறுத்திடுவாங்க, அதனால கடைசி நாளைக்கு டிக்கெட் வச்சுக்காதீங்க.

ஆப்ல மழையளவு மில்லிமீட்டர்ல காட்டும், இதுல ஏமாறாதவங்க கம்மி. 12 மி.மீ.னு பாத்துட்டு என் மச்சான் "ப்ச், தூத்தல் தான்டா"ன்னான். ஒரு மில்லிமீட்டர் தண்ணி சுமாரா ஒரு சென்டிமீட்டர் பனி, அப்ப 12 மி.மீ.ன்னா கணுக்காலுக்கு மேல! அடிவாரத்துல இருக்குற டங்மார்க்லேருந்து குல்மார்க்குக்கு மேல ஏறுற 13 கிலோமீட்டர் ரோட்டுல டயருக்கு செயின் இல்லாத வண்டிய விடல, எங்க கார் அங்கயே நின்னுடுச்சு. இது ரெண்டாவது தடவ போனப்ப.

அந்த தடவ தான் இன்னொண்ணும் புரிஞ்சுது. சாயங்காலம் மூணு மணிக்கு சறுக்குற இடம் நாத்தங்கால் சேறு மாதிரி கொழகொழன்னு இருந்துச்சு, சரி காலையில முதல் ஆளா போவோம்னு எட்டு மணிக்கு போனா ராத்திரி பூரா உறைஞ்சு நேத்தைக்கு பதிஞ்ச பூட்ஸ் தடமெல்லாம் கல்லு மாதிரி நிக்குது, மச்சான் ரெண்டே அடியில பின்பக்கமா விழுந்து வாடகை கம்பூட் ஒரு பக்கம் ஆளு ஒரு பக்கம். நல்லா வெயில் ஏறி பத்து பத்தரைக்கு மேல தான் அது பதமாச்சு.

ராத்திரி பூரா கொட்டி முடிச்சு காலையில நீல வானம் வெயில்னா எல்லாரும் குதிப்பாங்க, ஆனா பனிச்சரிவுக்கு அது தான் மோசமான நேரம். புதுப்பனி பழைய பனி மேல ஒட்டாம நிக்கும், 30லேருந்து 45 டிகிரி சரிவுல ஒருத்தர் கால் வச்சா போதும். 2023 பிப்ரவரி 1ஆம் தேதி அஃபர்வத்ல போலந்து ஸ்கீயர் ரெண்டு பேர் அப்படி போய் சேந்தாங்க. பனிச்சரிவு எச்சரிக்கைய ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் போடுவாங்க, மூணுன்னாலே கயிறு கட்டுன எல்லைக்கு அந்தாண்ட போகாதீங்க, ரெண்டாயிரம் ரூவா எக்ஸ்ட்ரா குடுத்தா கூட்டிட்டு போறேன்னு எவன் சொன்னாலும் சரி.

சன்ஸ்க்ரீனும் நல்ல கண்ணாடியும் எடுத்துக்கங்க, புதுப்பனி புற ஊதா கதிர்ல முக்கால்வாசிக்கு மேல திருப்பி மூஞ்சிலயே அடிக்கும்.

அப்புறம் இதெல்லாம் அங்க போய் போன்ல பாத்துக்கலாம்னு நெனச்சா, வெளி மாநில ப்ரீபெய்டு சிம் காஷ்மீர்ல வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு தான் எடுக்கும். நாங்க அஞ்சு பேரும் மச்சானோட ஒத்த ஹாட்ஸ்பாட்ட சுத்தி உக்காந்து தான் வெதர் பாத்தோம், அவன் பாத்ரூம் போனா வெதரும் போயிடும்.