வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் காரை வீடு வரை ஓட்டி வர

சாவி கைக்கு வந்ததும் கிளம்பிவிடாதீர்கள். முதலில் டயரின் பக்கவாட்டில், டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசியில் இருக்கும் நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2316 என்றால் 2016-இன் 23-ஆவது வாரம் தயாரானது. இந்த மாதிரி கார்கள் பாதி நாள் ஷெட்டிலேயே நிற்பவை, அதனால் டயரின் பட்டன் (தரையில் படும் வரிப்பள்ளங்கள்) புதிதுபோல இருக்கும், ரப்பர் மட்டும் இறுகி விரிசல் விட்டிருக்கும். நெடுஞ்சாலை வேகத்தில் அது வெடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பத்து வயது தாண்டிய டயரா, மாற்றிவிட்டே கிளம்புங்கள்.

காப்பீடு அன்றைக்கே உங்கள் பெயரில் இருக்க வேண்டும். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் ஒட்டும் சாமான்களும் காற்றடிக்கும் பம்பும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், முதல் 50 கிலோமீட்டரை வாங்கிய ஊரைச் சுற்றியே ஓட்டிவிட்டு, நிறுத்தி, அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். பழுப்பாகவோ கருப்பாகவோ பிசுபிசுப்பாகச் சொட்டினால் பெரும்பாலும் ஆயில், பச்சையோ ஆரஞ்சோ என்றால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்), வெறும் தண்ணீர் என்றால் ஏசி, அதை விட்டுவிடலாம். ஆயில் அளவை ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் பாருங்கள் (சலிப்பான வேலைதான்).

வழியில் வெப்பநிலை முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாக வைத்து ஓரங்கட்டுங்கள். சூடு தணியும் வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது.