கராஜ் சேலில் வாங்கிய பந்தும் கூடையும்: ரீகால் பார்ப்பது எப்படி

நியூ ஜெர்சியில் மே மாதம் வந்துவிட்டால் சனிக்கிழமை காலை தெருவுக்குத் தெரு கராஜ் சேல்தான், அதாவது வீட்டு வாசலிலேயே பழைய சாமான்களைப் பரப்பி விற்பது. என் மகனின் விளையாட்டுச் சாமான்களில் பாதி அப்படி வந்தவை. போன வருடம் ஒரு பாட்டியிடம் 5 டாலருக்குச் சின்ன பேஸ்கட்பால் ஸ்டாண்டு வாங்கினேன். தன் மகன் சின்ன வயதில் ஆடியது என்று ஆசையாகத் துடைத்துக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்துத்தான் அதைப் பற்றித் தேடினேன். 1998 டிசம்பரில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் அறிவித்த ரீகாலில், அதாவது ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறும் அறிவிப்பில், அதுவும் இருந்தது. கொக்கியிலிருந்து கழன்ற வலையில் குழந்தையின் தலையோ கழுத்தோ மாட்டிக்கொள்ளும் என்று 1 கோடிக்கும் மேற்பட்ட வலைகளைத் திரும்பப் பெற்றிருக்கிறார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

பாட்டியைக் குறை சொல்ல மாட்டேன். கடைக்காரரிடம் விவரம் இருந்தால் முதலில் வாங்கியவருக்குத் தகவல் போகும். கைமாறி வந்த சாமானுக்கு யாரும் வந்து சொல்ல மாட்டார்கள், நாமாகத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

முதலில் சாமானைக் கவிழ்த்துப் பாருங்கள். 2009 ஆகஸ்டுக்குப் பிறகு செய்த குழந்தைகள் பொருளில், தயாரித்தவர், இடம், தேதி, தொகுதி விவரம் தெரியும்படி அழியாத குறி இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். பிளாஸ்டிக்கில் அடிப்பக்கம் புடைப்பு எழுத்தாக இருக்கும், துணியில் தைத்த லேபிளாக இருக்கும். படிக்க முடியவில்லையா? சின்ன வயதில் காசை அச்சு எடுத்தோமே, அதே மாதிரி மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள்.

அப்புறம் ஆணையத்தின் தளத்தில் (சி.பி.எஸ்.சி. டாட் ஜிஓவி) ரீகால் பக்கத்தில் தேடுங்கள். பிராண்டு பெயர் மட்டும் போதாது. "பேஸ்கட்பால்", "டிரைசைக்கிள்" என்று பொருளின் பெயரையும் போட்டுப் பாருங்கள். படம் ஒத்துப்போனாலும் மாடல் எண்ணையும் விற்ற காலத்தையும் சரிபார்த்துவிடுங்கள். 2010 செப்டம்பரில் ஃபிஷர்-பிரைஸ் சுமார் 70 லட்சம் மூன்று சக்கர வண்டிகளைத் திரும்பப் பெற்றது. இருக்கைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் சாவியில் மோதிக் குழந்தைகளுக்குக் காயம் பட்டிருந்தது. அதே நாளில் காற்றடைத்த பந்துள்ள சில பொம்மைகளையும் திரும்பப் பெற்றது. பந்தின் வால்வு கழன்று வாய்க்குள் போகக்கூடும் என்பதுதான் காரணம். பார்வைக்கு நல்ல சாமான்தான், ஆபத்து ஒரு சின்ன பாகத்தில் இருந்தது.

பட்டியலில் இருந்தால் உடனே குழந்தையின் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள். பணம் திரும்புமா, மாற்றுப் பாகம் வருமா என்பது அறிவிப்பிலேயே இருக்கும். அதைப் படிக்கும் முன் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சில நிறுவனங்கள் உடைத்த பொருளின் படம் கேட்கும். ரீகால் ஆனதை கராஜ் சேலில் விற்பதும் சட்டப்படி தவறு. ஊருக்குப் போகும் பெட்டியில் போட்டு அக்கா பிள்ளைகளுக்குக் கொடுத்து அனுப்பவும் கூடாது. நான் முன்பு அப்படி அனுப்பியிருக்கிறேன். இப்போது ஒவ்வொன்றாகப் போனில் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.

புல்வெளியில் எறியும் கூர்முனை டார்ட்டுக்கு மட்டும் எந்தத் தேடலும் வேண்டாம். 1988 டிசம்பரிலிருந்து அதன் விற்பனைக்கே தடை. பழைய பரணில் கிடைத்தால் உடைத்துக் குப்பையில் போடுங்கள்.

பட்டியலில் இல்லை என்பதால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். தொண்டையில் அடைக்காமல் இருக்க, 3 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான பந்தின் விட்டம் 44 மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். டேபிள் டென்னிஸ் பந்து 40தான், கோல்ஃப் பந்தும் 43க்குள்தான். அண்ணன் ஆடி முடித்ததும் இரண்டையும் எண்ணி எடுத்து வையுங்கள்.

வலையை நான் வெட்டி எறிந்துவிட்டேன். வெறும் வளையத்திலேயே மகன் பந்து போடுகிறான். இப்போது கராஜ் சேலில் மாடல் எண்ணைப் போனில் தட்டிப் பார்த்த பிறகுதான் காசை எடுக்கிறேன்.