செயினைத் திட்டிவிட்டு ஷாஃப்டுக்கு ஏங்குபவர்களுக்கு

ஒவ்வொரு சிறுபோக அறுவடைக் காலத்திலும் அறுந்த செயினைக் கையில் தூக்கிக்கொண்டு யாராவது வருவார்கள். கடைசியாக ஒட்டுசுட்டான் பக்கமிருந்து வந்த தம்பி, சுவிசில் இருக்கும் சித்தப்பா அனுப்பிய பிஎம்டபிள்யூ மோட்டார் சைக்கிளின் படத்தையும் காட்டினார். “அண்ணை, இதில் செயினே இல்லை, ஷாஃப்டில் ஓடுகிறதாம். இப்படி ஒன்று கிடைத்தால் இந்தக் கரைச்சலே இருக்காதே?”

அவர் சொன்னதில் பாதி சரி. 1923இல் வந்த ஆர்32 முதலே பிஎம்டபிள்யூ ஷாஃப்டை நம்பிப் பல வண்டிகளைச் செய்கிறது. மண்ணும் நீரும் புகாத குழாய்க்குள் இரும்புத் தண்டு சுழல, பின்சில்லில் பற்சக்கரங்கள் எண்ணெயில் மூழ்கி ஓடுகின்றன. ஆனால் அவர் கையிலிருந்த செயினைக் கிறவல் வீதி அறுக்கவில்லை. வெறும் வண்டியில் அதை வீணைத் தந்தி போல இறுக்கிவிட்டு, ஒரு மூட்டை நெல்லையும் தன் தம்பியையும் ஏற்றிப் பள்ளங்களில் ஓடியிருக்கிறார்.

வன்னியில் நான் அதிகம் காணும் தவறு இதுதான். பின்சில்லைத் தாங்கும் கை, வெறும் வண்டியில் சற்றுக் கீழ்நோக்கிச் சரிந்து நிற்கும். பாரம் ஏறி ஷொக் அமிழும்போது அது மேலெழுந்து நேராகிறது. அப்போது முன் பற்சில்லுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரம் கூடுகிறது. செயினில் தளர்வு இல்லையென்றால் அந்த இழுவையை யார் தாங்குவது? கியர்பெட்டியின் பேரிங் தாங்கும், சில்லின் பேரிங் தாங்கும், ஒருநாள் செயினே விட்டுவிடும். முன் பற்சில்லின் அருகே எண்ணெய் கசிகிறது என்று வரும் வண்டிகள் பலவற்றுக்கும் இதே கதைதான்.

பெரும்பாலான 100, 125 சிசி வண்டிகளுக்குக் கீழ்ச் செயினின் நடுவில் 20 முதல் 30 மில்லிமீற்றர் வரை ஆட்டம் வேண்டும். உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பிடியுங்கள். ஓரிடத்தில் மட்டும் அளக்காதீர்கள். நியூட்ரலில் சில்லைக் கையால் சுழற்றி, செயின் எங்கே மிக இறுகுகிறதோ அங்கே அளவை வையுங்கள். பின்னர் வழக்கமாக ஏற்றும் பாரத்தை ஏற்றி, அப்போதும் சற்றுத் தளர்வு மிஞ்சுகிறதா என்று பாருங்கள். சில்லைப் பின்னுக்கு இழுத்தால் டிரம் பிரேக்கின் கம்பியும் இறுகும். பிரேக்கைச் சரிசெய்யாமல் புறப்படுபவர், பிரேக் பிடித்தபடியே மாங்குளம் வரை ஓடுவார்.

அடுத்தது எண்ணெய். எஞ்சினில் இருந்து வடித்த கறுப்பு எண்ணெயைச் செயினில் ஊற்றுவது இங்கே பரம்பரைப் பழக்கம். அதில் இரும்புத் துகளும் கரியும் கலந்திருக்கின்றன. கோடையின் செம்மண் தூசி அதில் ஒட்டியதும் அரைக்கும் களிம்பாகிவிடுகிறது. கிரீஸை வெளியே அள்ளிப் பூசினாலும் இதே கதிதான், உள்ளே ஊசிக்கும் அதைச் சூழ்ந்த புஷ் குழாய்க்கும் இடையில் அது போய்ச் சேராது. மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கும் தூரிகையும் போதும், அழுக்கை அகற்றலாம். பொருளாதாரத் தடைக் காலத்தில் வண்டியையே மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நாம். ஒரு கோப்பை மண்ணெண்ணெய்க்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். பெற்றோலும் இரும்புத் தூரிகையும் வேண்டாம். ரப்பர் வளையம் வைத்த செயின் என்றால் இரண்டும் அந்த வளையத்தைக் கெடுக்கும். துடைத்து உலர்த்தி, ஓடி வந்த சூடு ஆறுமுன் கீழ்ச் செயினின் உட்பக்கத்தில் எண்ணெய் விட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள்.

இதைச் செய்யும்போது எஞ்சினை இயக்கவே கூடாது. இரட்டை ஸ்டாண்டில் நிறுத்தி, கியரில் போட்டு, ஓடும் செயினில் துணி பிடித்தால் வேலை சுலபம் என்று தோன்றும். என் மைத்துனரின் மகன் பதினான்கு வயதில் இரண்டு விரல்நுனிகளை இழந்தது அப்படித்தான். கையால் சுழற்றுங்கள், ஐந்து நிமிடம் கூடப் போகட்டும்.

தேய்ந்த பற்சில்லில் புதுச் செயின் போடுவதும் காசை மண்ணில் கொட்டுவதுதான். செயின், முன் பற்சில்லு, பின் பற்சில்லு மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். எப்போது? 428 அளவுச் செயினில் 20 கண்ணிகள் புதிதில் 254 மில்லிமீற்றர் இருக்கும். இழுத்துப் பிடித்து அளக்கும்போது 259ஐத் தொட்டால் அதன் காலம் முடிந்தது.

இனி ஷாஃப்ட். அதற்குப் பராமரிப்பே வேண்டாம் என்பது வீண் நம்பிக்கை. உழவு இயந்திரத்தின் பின்பெட்டி எண்ணெயைத் தவறாமல் பார்ப்பவர்கள், மோட்டார் சைக்கிளின் பின் கியர் எண்ணெயை மட்டும் மறந்துவிடுகிறார்கள். அதையும் காலம் தவறாமல் மாற்ற வேண்டும். அளவுக்கு மேல் ஊற்றினால் ஒயில் சீலைத் தாண்டிச் சில்லுப் பக்கம் வழியும். ஷாஃப்டின் இணைப்பை மூடிய ரப்பர் உறை கிழிந்தால் மாரிச் சேறு உள்ளே போகும், வெளியே எதுவும் தெரியாது. செயின் சாகுமுன் பல நாள் சத்தமிடும், கண்ணாலும் பார்க்கலாம். ஷாஃப்ட் அவ்வளவு வெளிப்படையாகப் பேசாது.

இன்னொன்றும் உண்டு. நல்ல நிலையிலுள்ள செயின் விசையின் ஏறத்தாழ 97 சதவீதத்தைச் சில்லுக்குக் கொடுக்கும். விசையைச் செங்கோணத்தில் திருப்பும் ஷாஃப்ட் அதைவிடக் கூடுதலாக இழக்கும், அதன் பாரமும் அதிகம். பெரிய எஞ்சினுக்கு அது பொருட்டல்ல. 100 சிசி வண்டியில் நெல் ஏற்றுபவருக்குத் தெரியும். வண்டி இழுக்கவில்லை என்றால் 14 பல் முன் பற்சில்லைக் கழற்றி 13 பல் போட்டுப் பார்க்கலாம். ஷாஃப்டில் அந்த வழியே இல்லை.

அந்தத் தம்பியின் வண்டியைக் குனிந்து பார்த்தேன். செயின் மூடியைக் காணவில்லை. “அழகில்லை என்று கழற்றிவிட்டேன்” என்றார். ஷாஃப்டில் அவர் ஆசைப்பட்டது எதுவோ, அதைத் தன் வண்டியிலிருந்து தானே கழற்றி எறிந்திருக்கிறார். 1958இல் வந்த ஹொண்டா சுப்பர் கப், செயினை முழுதாக மூடித்தான் விற்பனைக்கு வந்தது. உங்கள் மூடியும் வீட்டுக் கோடியில் எங்காவது கிடந்தால், துருவைச் சுரண்டி, மாரி தொடங்குமுன் பூட்டிவிடுங்கள். செயினைப் பார்க்கும் துளையின் ரப்பர் அடைப்பான் தொலைந்திருந்தால் அதையும் வாங்கிப் போடுங்கள். அந்தத் துளை வழியாகத்தான் முதல் சேறு போகும்.